ஒரே பாட்டு, இரண்டு தடவை

எங்கள் ஊர் திருக்கோவிலூருக்கென்று ஒரு மழைக் கதை உண்டு. கேள்விப்பட்டிருப்பீர்கள். கொட்டுகிற மழையில் பொய்கையாழ்வார் ஒரு வீட்டு இடைகழியில் ஒதுங்கினார். ஒருத்தர் படுக்கலாம், அவ்வளவுதான் இடம். பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்ட, இருவரும் உட்கார்ந்தார்கள். பேயாழ்வார் வந்ததும் மூவரும் எழுந்து நின்றார்கள். அப்புறம் கண்ணுக்குத் தெரியாத நாலாவது ஆசாமி ஒருத்தர் நடுவில் புகுந்து நெருக்க ஆரம்பித்தார். பார்த்தால், பெருமாள்!

2024 டிசம்பர் 1 ராத்திரி, ஃபெஞ்சல் புயல் புண்ணியத்தில் எங்கள் வீட்டில் இந்தச் சம்பவம் சின்ன அளவில் மறுபடி நடந்தது. சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்துகொண்டு தென்பெண்ணை இரண்டு கரையும் புரள ஓடிய ராத்திரி. எங்களுடையது ஓட்டு வீடு. கூடத்தில் ஒழுகாத மூலை ஒன்றே ஒன்று. அதில் அப்பா நின்றார். அம்மா நின்றாள். இருவருக்கும் நடுவில், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு, அப்பாவின் ஆம்ப்ளிஃபயர் நின்றது.

"பீரோவுல என் கல்யாணப் புடவை நனையுது. இந்த மனுஷன் அந்த டப்பாவுக்குக் குடை பிடிச்சிக்கிட்டு நிக்கறாரு!" என்று மறுநாள் சென்னைக்குப் போன் செய்து அம்மா புகார் கொடுத்தாள்.

டப்பா பிழைத்தது. ஸ்பீக்கர்கள் தப்பவில்லை. பெட்டியின் பிளைவுட் ஊறி, மழையில் நனைந்த அப்பளம் மாதிரி இதழ் இதழாகப் பிரிந்திருந்தது. சுவரோரம் ஓடிய ஒயரில் பச்சையாகப் பாசிபோல் ஏதோ பூத்திருந்தது.

"கவலைப்படாதீங்க. பொங்கலுக்கு வரேன். முழு செட்டையும் பிரிச்சு, புதுசா ஒயர் போட்டு, ஜம்முனு பண்ணித் தரேன்" என்றேன்.

நான் பி.காம். எலக்ட்ரிக்கல் விஷயத்தில் என் தகுதி, ஃபியூஸ் போனால் பக்கத்து வீட்டிலும் போயிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது. என் மனைவிக்கு இது தெரியும். "ஏங்க, மாமா ஆசையா வச்சிருக்கற செட்டு..." என்று இழுத்தாள். யூடியூபில் எட்டு வீடியோ பார்த்திருக்கிறேன் என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

* * *

அந்த செட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

அப்பா சர்க்கரை ஆலையில் எடைமேடை குமாஸ்தா. கரும்பு லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, காலியாகத் திரும்பும்போது ஒரு எடை. வாழ்க்கை பூராவும் கழித்தல் கணக்கு. 1991-ல் அவருக்கு ஒரு ஸ்டீரியோ செட் மேல் ஆசை வந்தது. பிலிப்ஸ், சோனோடைன் எல்லாம் விலை கேட்கவே பயம். அந்தக் காலத்தில் குமாஸ்தாக்களுக்கென்றே பகவான் ஒரு வழி வைத்திருந்தார்: அசெம்பிள் செட். சென்னை ரிச்சி தெருவில் ஐ.சி., டிரான்ஸ்ஃபார்மர், கண்டென்சர் எல்லாவற்றையும் உதிரியாக வாங்கி வந்தால், உள்ளூர் மெக்கானிக் பொருத்திக் கொடுப்பார். நம்மூர் மெக்கானிக்குகளுக்குக் குலதெய்வம் மாதிரி ஒரு ஐ.சி. இருந்தது. 4440 என்று பெயர். 12 வோல்ட் கொடுத்தால் போதும், ஒரு பக்கத்துக்குச் சுமார் 6 வாட்ஸ் பாடும். ஆனால் பெட்டிக்கு முன்னால் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று ஸ்டிக்கர் ஒட்டாமல் யாரும் டெலிவரி கொடுக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் அந்த ஸ்டிக்கரின் கடைசி சைபர் உரிந்துபோய் 100 வாட்ஸ் ஆகியிருந்தது. உண்மைக்குக் கொஞ்சம் கிட்டே வந்திருக்கிறது என்று அப்பா சொல்வார்.

அசெம்பிள் பண்ணும்போது அப்பா ஒரு மாதம் சாயங்காலம் சாயங்காலம் அந்தக் கடையிலேயே உட்கார்ந்திருந்தாராம். அதனுடன் ஒரு கேசட் டெக், இரண்டு எட்டு இஞ்ச் ஸ்பீக்கர், முன்பக்கம் ஹெட்போன் சாக்கெட், பஞ்சு வைத்த ஒரு ஹெட்போன். ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்த கேசட் மட்டும் இன்றைக்கும் இருநூறுக்கு மேல் இருக்கிறது. ஒவ்வொன்றின் அட்டையிலும் அப்பாவின் எடைச்சீட்டுக் கையெழுத்தில் படம், பாடியவர், நீளம். கேசட் தேய்கிறது, டெக்கின் ரப்பர் பெல்ட் உருகுகிறது, அவரும் அவற்றைப் பார்த்துப் பார்த்து மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறார். போனில் எல்லாப் பாட்டும் இருக்கிறதே என்றால், "இருக்கும், இருக்கும்" என்பார். அதற்கு மேல் விவாதம் கிடையாது.

* * *

போகி அன்றைக்கு வேலையில் இறங்கினேன். முதல் அதிர்ச்சி, ஸ்பீக்கர்களை வைத்திருந்த லட்சணம். இரண்டு பெட்டியையும் கூடத்தின் ஒரே மூலையில், அரிசி மூட்டை மேல் அரிசி மூட்டை மாதிரி அடுக்கியிருந்தார். அந்த மூலைக்குப் பக்கவாட்டில் அவருடைய ஈஸிசேர். சின்ன வயதிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவன்தான். ஆனால் எட்டு வீடியோ பார்த்த கண்ணுக்கு இது மகாபாவமாகத் தெரிந்தது.

"ஏம்பா, ஸ்டீரியோன்னா ரெண்டும் பிரிஞ்சு இருக்கணும்பா!"

"இடம் அடைக்குதுன்னு உங்கம்மா..." என்றார்.

"நான் எங்க சொன்னேன்?" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. அப்பா பேச்சை மாற்றி, "காப்பி ஆயிடுச்சா?" என்றார்.

இரண்டாவது அதிர்ச்சி, ஆம்ப்ளிஃபயரின் பின்புறம். டெக்கிலிருந்து வருகிற இடது, வலது ஒயர் இரண்டையும் யாரோ வழியில் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ரெசிஸ்டரைப் பற்றவைத்து, அதற்குப் பின்னால் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டிருந்தார்கள். ரெசிஸ்டர் மேல் பிரவுன், கறுப்பு, சிவப்பு வளையம். அதாவது ஒரு கிலோ ஓம். விளைவு என்ன? இடது பக்கம் வருவதும் வலது பக்கம் வருவதும் கலந்து, இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம். ஸ்டீரியோ செட்டை வாங்கி மோனோ ஆக்கி வைத்திருக்கிறார்கள்! புது வேட்டியைக் கிழித்துக் கரித்துணி ஆக்கியது மாதிரி.

"எந்த மெக்கானிக்குப்பா இந்த வேலையைப் பண்ணான்?"

அப்பா கண்ணாடியைத் துடைத்தார். "பழசு... எப்பவோ பண்ணது."

"இத்தனை வருஷமா நீ பாதி ஸ்டீரியோதான் கேட்டிருக்க, தெரியுமா?"

"அப்படியா? சரி, உனக்கு எது சரின்னு படுதோ பண்ணு."

கட்டிங் பிளேயரை எடுத்தேன். கடக், கடக். ரெசிஸ்டர் இரண்டும் குப்பை முறத்துக்குப் போயின. ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும்: பற்றவைத்திருந்த விதம் ரொம்ப சுத்தமாக இருந்தது. ஈயம் பாதரசத் துளி மாதிரி பளபளவென்று உட்கார்ந்திருந்தது. படவாப் பயல், தப்பு வேலையைக்கூட எவ்வளவு நீட்டாகச் செய்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

புதுப் பெட்டி, புது ஒயர், ஆறடி இடைவெளி. இரண்டு ஸ்பீக்கரும் அப்பாவின் ஈஸிசேரும் ஒரு சம முக்கோணமாக வருகிற மாதிரி இஞ்ச் டேப் வைத்து அளந்தேன். எட்டு வீடியோவிலும் முக்கோணம்தான் சொல்லியிருந்தார்கள். எல்லாம் முடித்துப் பாட்டைப் போட்டால்...

தபேலாவைக் காணோம். பேஸ் கிடாரைக் காணோம். பாடுகிறவர் கொல்லைப்புறக் கிணற்றுக்குள் நின்று பாடுகிறார்.

அரை மணி நேரம் முழித்தேன். ஒன்பதாவது வீடியோவில் விடை கிடைத்தது. ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் பிளஸ், மைனஸ் மாறிவிட்டது. ஒரு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடுவதில் தாழ்ந்த சத்தமெல்லாம் காலி. அக்கவுன்ட்ஸில் 'ஈடுசெய் பிழை' என்று ஒரு பாடம் உண்டு. ஒரு தப்பை இன்னொரு தப்பு சரிக்கட்டிவிடும், டிரையல் பாலன்ஸ் சமமாக நிற்கும், கணக்கு மட்டும் நாசமாகப் போயிருக்கும். மூன்று வருஷம் படித்தது எங்கே உதவுகிறது பாருங்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் ஒன்றரை வோல்ட் பேனா பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். கூம்பு வெளியே துள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். உள்ளே போனால் அது மைனஸ். 'டப்' என்று ஒரு சத்தம் வரும், பயப்பட வேண்டாம். நான் பயந்தேன்.

மாற்றிப் பூட்டினேன். பாட்டைப் போட்டேன்.

ஆகா! தபேலா திரும்ப வந்தது. இடது ஓரம் புல்லாங்குழல், வலது ஓரம் வயலின் கூட்டம். ஸ்பீக்கரே இல்லாத நட்ட நடுவில், எங்கள் காமராஜர் காலண்டருக்குக் கீழே, பாடகர் நின்று பாடினார். இடைகழியில் புகுந்த அந்த நாலாவது ஆசாமி மாதிரி. ஆள் தெரியவில்லை, நிற்பது தெரிகிறது.

அப்பாவை முக்கோணத்தின் உச்சியில் உட்காரவைத்தேன். சும்மா உட்காரவைக்கவில்லை. லெக்சர் வேறு!

"1931-ல லண்டன்ல ஆலன் பிளம்லைன்னு ஒரு இன்ஜினீயர்ப்பா. பொண்டாட்டியோட சினிமாவுக்குப் போனாராம். திரையில ஆள் ஒரு பக்கம் நடக்கறான், குரல் இன்னொரு பக்கத்துலேருந்து வருது. இதை நான் சரி பண்ணிக் காட்டறேன்னு வீட்டம்மாகிட்ட சபதம் போட்டு, அந்த வருஷ டிசம்பர்லயே பேட்டன்ட்டுக்கு எழுதிப் போட்டுட்டார். நம்ம ரெண்டு காதுக்கும் சத்தம் வர்ற நேரத்துல ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்குகூட வித்தியாசம் இருக்காது. அதை வச்சே மூளை எந்தப் பக்கம்னு கண்டுபிடிச்சிடும். அவர் இதுக்கு வச்ச பேரே ஸ்டீரியோ இல்லப்பா, பைனாரல். அதாவது ரெண்டு காது! ரெண்டு காதும் இருந்தாத்தான் இந்த வித்தையே."

அப்பா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். தமிழில் பாட்டை ஸ்டீரியோவில் பதிவு செய்த முதல் படம் 1978-ல் வந்த 'ப்ரியா' என்பார்கள், அந்தக் கேசட்டே உன்னிடம் இருக்கிறது, அதைப் போய் மோனோவில் கேட்டிருக்கிறாயே என்று அங்கலாய்த்தேன். அதற்கும் தலையாட்டினார்.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்குடா. ரொம்ப நல்லா இருக்கு."

எடைமேடையில் முப்பது வருஷம் உட்கார்ந்தவர். முகத்தில் முள் அசையவே இல்லை.

* * *

மாட்டுப் பொங்கல் ராத்திரி. இரண்டு மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். கூடத்தில் ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அப்பா தரையில் உட்கார்ந்து ஹெட்போனில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தூக்கம் கம்மி. ராத்திரியில் இப்படிக் கேட்பது பழக்கம்தான்.

திரும்பிப் போயிருப்பேன். அவர் செய்த ஒரு காரியம்தான் நிறுத்தியது.

பாட்டு முடிந்திருக்க வேண்டும். டெக்கை நிறுத்தி, ரிவைண்ட் பட்டனை அழுத்தினார். நாடா ஓடி நின்றது. பிறகு ஹெட்போனைக் கழற்றி, திருப்பி, இடது பக்கம் வலது காதுக்கு வருகிற மாதிரி மாட்டிக்கொண்டார். பிளே. கண்ணை மூடிக்கொண்டு பாட்டு முழுக்கக் கேட்டார். மறுபடி நிறுத்தி, ரிவைண்ட். ஹெட்போனைக் கழற்றி நேராக மாட்டிக்கொண்டார்.

"என்னப்பா பண்ற?"

பதில் இல்லை. அவருடைய இடது பக்கத்தில் நின்றிருந்தேன். தோளைத் தொட்டதும்தான் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஹெட்போனை ஏன் மாத்தி மாத்திப் போடற?"

"சும்மாதான்... புது ஒயராச்சே, ரெண்டு பக்கமும் வருதான்னு பாத்தேன். நீ போய்ப் படு."

போய்ப் படுத்தேன். பி.காம். மண்டைக்கு ஏதோ ஒரு கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் வருகிறதா என்று பார்க்க ஹெட்போனைத் திருப்புவானேன்? இரண்டு காதும் இரண்டு பக்கமும்தானே இருக்கிறது?

காலையில் அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

"அவருக்கு இடது காது கேக்காதே" என்றாள், ரேஷன் கார்டில் விலாசம் சொல்வது மாதிரி.

"எப்போலேருந்து?"

"உனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துச்சே, ரெண்டாங்கிளாஸ் படிக்கறப்ப. என் சங்கிலியைக் கழுத்துல போட்டுக்கிட்டு, தெருவுல எல்லார்கிட்டயும் காட்டிக்கிட்டுத் திரிஞ்சியே... நீ அவரு மேலதான் படுத்துக்குவ. அவருக்கும் ஒட்டிக்கிச்சு. உனக்கு ஒரு வாரத்துல வத்திப்போச்சு. அவருக்குக் காதோட போச்சு. பாண்டிச்சேரி வரைக்கும் போய்க் காட்டினோம். நரம்பு செத்துடுச்சு, மெஷின் வச்சாலும் பிரயோஜனம் இல்லன்னுட்டாங்க."

"அவருக்கும் சங்கிலி போட்டியா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"அப்ப அது அடகுல இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கோலப்பொடி டப்பாவைத் திறந்தாள்.

நான் இரண்டாங்கிளாஸ் படித்தது 1996-ல். பொன்னுக்கு வீங்கி குழந்தைகளுக்கு வந்தால் பெரும்பாலும் கன்னம் வீங்கி, பள்ளிக்கூடம் லீவு கிடைத்து, போய்விடும். அபூர்வமாக அது காது நரம்பைப் பிடித்துவிடும், அதுவும் பெரும்பாலும் ஒரு பக்கத்தை மட்டும், போனால் பெரும்பாலும் போனதுதான் என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். என் பெயரில் எழுத வேண்டியதை அப்பாவின் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். இருபத்தெட்டு வருஷத்துக்கு மேலாக யாரும் தணிக்கை செய்யவில்லை.

"ஏம்மா என்கிட்ட சொல்லவே இல்ல?"

"ரெண்டாங்கிளாஸ் பையன்கிட்ட உன்னாலதான்னு சொல்றதா? அப்புறம் நீ பெரியவனாயிட்ட. அதுக்கப்புறம் சொல்றதுக்கு என்ன இருக்கு?" புள்ளி வைத்துக்கொண்டே சொன்னாள். "நேத்து அந்தக் கம்பியை வெட்டிப் போட்டியே, அதை அவரே உக்காந்து பத்தவச்சாரு. ஹெட்போன்ல பாதிப் பாட்டுதான் கேக்குது, பாடறவன் இருந்தா மோளக்காரனைக் காணோம்னு ரெண்டு மாசம் மொணமொணத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் என்னமோ பண்ணி ரெண்டையும் ஒண்ணாக்கிட்டேன்னாரு. அன்னிக்கு ராத்திரி பூரா தூங்கல, பாட்டு கேட்டாரு."

திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒவ்வொன்றாக வந்து முன்னால் நின்றது. கடைத்தெருவில் அப்பா எப்போதும் எனக்கு இடது பக்கமாக வந்துதான் நடப்பார். டி.வி.எஸ். 50-ல் பின்னால் உட்கார்ந்து நான் ஏதாவது சொன்னால், "இந்தப் பக்கமா சொல்லு" என்று வலது தோளைக் காட்டுவார். கல்யாண வீட்டில் வரிசையின் இடது கோடி நாற்காலிதான் பிடிப்பார். பஸ் ஹாரன் அடித்தால் எதிர்த் திசையில் பார்ப்பார். அதற்காக, "பராக்குப் பாத்துக்கிட்டு நடக்காதப்பா" என்று பத்துப் பேர் முன்னால் அதட்டியிருக்கிறேன். வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். கொடுத்து வைத்தவர் என்று நினைத்தேன். நல்ல காது தலையணையில் இருக்கும்போது இடி எங்கே கேட்கும்?

மூலையில் அடுக்கிய ஸ்பீக்கர்கள் ஈஸிசேரின் வலது பக்கம் இருந்தன. நான் வைத்த முக்கோணத்தில், இடது ஸ்பீக்கரின் சத்தம் அவருடைய தலையைச் சுற்றிக்கொண்டு வலது காதுக்குப் போக வேண்டும். தாழ்ந்த சத்தம் எப்படியோ வளைந்து போய்ச் சேர்ந்துவிடும். புல்லாங்குழல், சலங்கை மாதிரி மெல்லிய விஷயங்களைத் தலை பாதி மறைத்துவிடும். காமராஜர் காலண்டருக்குக் கீழே நின்று பாடிய அந்த ஆள் அவருக்கு வரவே மாட்டார். நான்தான் ரெண்டு காது, ரெண்டு காது என்று ஒற்றைக் காதுக்காரருக்கு முக்கால் மணி நேரம் லெக்சர் கொடுத்திருக்கிறேன்.

* * *

குப்பை முறத்தைத் தேடினேன். காலி. அப்பா கொல்லையில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். வலது பக்கமாகப் போய் நின்றேன்.

"அந்த ரெசிஸ்டர் ரெண்டையும் பாத்தியாப்பா?"

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். வாயைக் கொப்பளித்தார். உள்ளே போய்த் தன் கண்ணாடிக் கூட்டைத் திறந்து நீட்டினார். துடைக்கிற துணிக்குக் கீழே இரண்டும் இருந்தன.

"எதுக்காவது ஆகும்னு எடுத்து வச்சேன்."

காதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கடைத்தெருவுக்குப் போய் ஒரு சின்ன டாகிள் சுவிட்ச் வாங்கி வந்தேன். என் யோசனை இதுதான்: ரெசிஸ்டர் இரண்டும் பழைய இடத்திலேயே இருக்கட்டும். அவற்றுக்குப் பின்னால் இடதையும் வலதையும் முடிச்சுப் போடுவதற்குப் பதில், நடுவில் சுவிட்சை வைத்துவிட்டால் போதும். போட்டால் இரண்டும் சேர்ந்து மோனோ. அணைத்தால் பிரிந்து ஸ்டீரியோ. அந்தக் காலத்துப் பெரிய கம்பெனி ஆம்ப்ளிஃபயர்களில் 'மோனோ' என்று ஒரு பட்டன் இருக்குமே, அதேதான். இப்போது கையில் வைத்திருக்கிற போன்களின் செட்டிங்ஸிலும் 'மோனோ ஆடியோ' என்று இருக்கிறது. நான் அதை ஏதோ பழைய காலத்து மிச்சம் என்று நினைத்திருந்தேன். ஒரு காது கேட்காதவர்களுக்காகவே வைத்தது.

நான் பற்றவைத்தது இட்லி மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. தொட்டதும் பெயர்ந்து வந்தது. அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தள்ளு" என்றார்.

"ஈயத்தை அயர்ன் மேல வைக்காத. மொதல்ல ஒயரைச் சூடாக்கு. ஒயர் சூடானா ஈயம் தானா ஓடி உக்காரும். அவசரப்பட்டு ஊதாத. ஆடாம வச்சிரு."

நான் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அறுபத்தேழு வயதுக் கை ஆடவில்லை. வெட்டியதில் குட்டையாகிப்போன ரெசிஸ்டர் கால்களுக்குக் கொஞ்சம் கம்பி ஒட்டுப் போட்டு, பேஸ்ட் தடவி, நாலே தொடுதலில் முடித்துவிட்டார். ஈயம் பாதரசத் துளி மாதிரி பளபளவென்று உட்கார்ந்தது.

"படவாப் பயல், எவ்வளவு நீட்டா பண்றான்" என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

* * *

2025 ஜூனில், அமெரிக்காவில் பிரையன் வில்சன் என்கிற இசைக்காரர் காலமான செய்தி வந்தது. பீச் பாய்ஸ் குழுவின் மூளை. 1966-ல் அவர் செய்த 'பெட் சவுண்ட்ஸ்' என்கிற ஆல்பத்தை உலகத்தின் மிகச் சிறந்த ஆல்பங்களில் ஒன்று என்று இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். ஸ்டீரியோ கொடிகட்டிப் பறக்கத் தொடங்கிய நாளில், அதை அவர் மோனோவில்தான் செய்தார். காரணம், அவருக்கும் சின்ன வயதிலிருந்து ஒரு காது கேட்காது. படித்ததும் அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குப் போய், மூச்சு வாங்க அப்பாவிடம் சொன்னேன். காது விஷயத்தை நாங்கள் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

முழுதும் கேட்டுவிட்டு, "அவருக்கு எந்தக் காது கேக்காது?" என்றார்.

"வலது காதுப்பா."

"எனக்கு இடது." கொஞ்சம் யோசித்தார். "ஒரே ஹெட்போன்ல ரெண்டு பேரும் உக்காந்து கேட்டிருக்கலாம்."

சொல்லிவிட்டு எடைமேடை முகத்தோடு ஈஸிசேரில் சாய்ந்துகொண்டார். நான்தான் சிரிப்பை நிறுத்த முடியாமல் வாசலுக்கு ஓடினேன்.

ஸ்பீக்கர்கள் ஆறடி தள்ளி, முக்கோணமாகவே இருக்கின்றன. பழையபடி மூலையில் அடுக்கிவிடுகிறேன் என்றால் அப்பா விடவில்லை. ஈஸிசேரை மட்டும் அவ்வப்போது வலது காது ஸ்பீக்கர் பக்கம் வருகிற மாதிரி குறுக்கே திருப்பிப் போட்டுக்கொள்கிறார். பாட்டோடு கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

ஆனால் அந்த சுவிட்ச்தான் தகராறு. நான் ஊருக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதுமே, அப்பா எழுந்து போய் அதைத் தட்டி ஸ்டீரியோ ஆக்கிவிடுகிறார். "நீ கேளு. உனக்கு அதுதான் நல்லா இருக்கும்." அவர் கை கழுவப் போன நேரம் பார்த்து நான் மோனோவுக்குத் தட்டுகிறேன். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், புல்லாங்குழல் மறுபடி இடது ஓரத்துக்குப் போயிருக்கிறது. போன தடவை ஒரே சாயங்காலத்தில் பதினோரு முறை இப்படி நடந்தது. நான் எண்ணவில்லை. அடுக்களையிலிருந்து 'டக்' 'டக்' என்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா எண்ணியிருக்கிறாள்.

"அப்பனும் புள்ளையும் அந்த சுவிட்ச உடைச்சிட்டுத்தான் ஓயப்போறீங்க" என்றாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு டாகிள் சுவிட்ச் வாங்கி அப்பாவின் கண்ணாடிக் கூட்டில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.